சிகிச்சையும் சாட்சியமும் – 9: பாந்த்ரா மருத்துவமனையில் ஒரு துறை

2000ஆம் ஆண்டு மே மாதம், கர்நாடகத்திலிருந்து மேல்முறையீட்டுக்கு வந்த ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம், தண்டனை என்பதோடு நீதிபதிகள் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தப் பெண் அரசு மருத்துவமனைக்குப் போனபோது, போலீஸ் அனுப்பாமல் பரிசோதிக்க மாட்டோம் என்று மருத்துவர்கள் மறுத்திருந்தார்கள். நாட்டுப்புறங்களில் மருத்துவமனைகளே குறைவு. இருக்கிற ஒன்றிரண்டும் இப்படித் திருப்பி அனுப்பினால் பரிசோதனை தள்ளிப்போகும், அதற்குள் தடயம் அழிந்துபோகும் என்று சொல்லி அந்த வழக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்தார்கள்.

அவசியமான கண்டனம். ஆனாலும் அது தடயத்தைப் பற்றிய கவலையாகவே இருந்தது. அவளுக்கு ரத்தப்போக்கு நின்றதா, கரு உண்டாகிவிடுமா, தொற்று வருமா, அன்றிரவு அவள் எங்கே படுத்துறங்குவாள் என்பதெல்லாம் நீதிமன்றத்தின் கணக்கிலும் வரவில்லை, மருத்துவமனையின் கணக்கிலும் வரவில்லை. உடம்பில் அடிபட்ட ஒரு மனுஷி மருத்துவமனைக்கு வந்து நிற்கிறாள். அவளை நோயாளியாகப் பார்ப்பதற்கு இந்த நாட்டில் ஒரு தனிப் போராட்டம் தேவைப்பட்டது. அந்தப் போராட்டத்தின் முக்கியமான களம் மும்பை. அதே 2000ஆம் ஆண்டில்தான், பாந்த்ராவில் உள்ள கே.பி. பாபா மாநகராட்சி மருத்துவமனையில் ‘திலாசா’ என்ற பெயரில் ஒரு துறை தொடங்கியது.

சென்ற இதழில் பாஸ்டன் நகர மருத்துவமனையைப் பார்த்தோம். செவிலியர் ஆன் பர்கஸும் சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ராமும் 1972இல் அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வன்கொடுமைக்கு ஆளானவர் யார் வந்தாலும், எந்த நேரமானாலும், தொலைபேசியில் கூப்பிட வேண்டும். அவர்கள் உடனே வந்து கூட இருப்பார்கள். ஓராண்டில் 146 பேரைச் சந்தித்தார்கள். தூக்கம் கெடுவது, தனியாக இருக்கப் பயப்படுவது, வீட்டையும் தொலைபேசி எண்ணையும் மாற்றிக்கொள்வது எனப் பலரிடம் திரும்பத் திரும்பக் கண்டதை 1974இல் எழுதினார்கள். அந்தப் பெண்கள் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டு, அதிலிருந்து மருத்துவ அறிவை உருவாக்கியதுதான் பாஸ்டனின் பங்களிப்பு. இந்தியாவில் அந்த வேலையைத் தொடங்குவதற்கு முன், ஏற்கெனவே இருந்த வேறொரு ‘அறிவை’ இடிக்க வேண்டியிருந்தது.

அது பாடப்புத்தகத்தில் இருந்தது. ஜெய்சிங் மோடி எழுதிய சட்ட மருத்துவ நூலின் முதல் பதிப்பு 1920இல் வந்தது. பல தலைமுறை மருத்துவ மாணவர்களும் வழக்கறிஞர்களும் அதைப் படித்துத்தான் தேறினார்கள். பாலியல் வன்கொடுமை என்ற தலைப்பில் அதன் பல பதிப்புகள் கற்றுக்கொடுத்தவை: கன்னிச்சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார், பிறப்புறுப்பில் எத்தனை விரல் நுழைகிறது என்று பார், பொய்ப் புகாராக இருக்கலாம், எச்சரிக்கையாக இரு. விரல் வைத்து அளக்கும் இந்தப் பழக்கத்தின் வேர், துவானோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய நூல்வரை போவதை ஆய்வாளர்கள் துர்பா மித்ராவும் மிருணாள் சதீஷும் பின்னாளில் காட்டினார்கள். பிரான்சில் பிறந்த ஒரு தப்பெண்ணம் இந்திய அரசு மருத்துவமனையின் அச்சடித்த படிவத்தில் ஒரு கட்டமாக வந்து உட்கார்ந்தது. மருத்துவர் அந்தக் கட்டத்தை நிரப்பினார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை எடுத்து, இவள் உடலுறவுக்குப் பழகியவள் என்றார். 2002ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் நீக்கும்வரை, சாட்சியச் சட்டத்தின் 155ஆம் பிரிவின் ஒரு பகுதியும் அதற்குத் துணை நின்றது: புகார் கொடுத்த பெண்ணின் பொதுவான ஒழுக்கத்தைக் காட்டி அவள் சாட்சியத்தை மறுக்கலாம் என்று அதில் இருந்தது.

இதன் விளைவு என்ன என்பதற்கு மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் வழக்கைவிட வேறு சான்று வேண்டாம். 1972இல் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே காவலர்களால் சிதைக்கப்பட்டாள். மருத்துவ அறிக்கை அவள் உடம்பில் காயம் இல்லை என்றது, விரல் கணக்கையும் சொன்னது. 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. அடுத்த ஆண்டு சட்டப் பேராசிரியர்கள் உபேந்திர பக்ஷி, வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார் நால்வரும் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல், நாடெங்கும் பெண்களை வீதிக்குக் கொண்டுவந்தது. 1983இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்கொடுமைக்குத் தனிப்பிரிவு வந்தது. ஆனால் மருத்துவமனையை யாரும் தொடவில்லை. படிவம் அப்படியே இருந்தது.

படிவத்தைத் தாண்டி, அந்தப் பெண் மருத்துவமனைக்குள் பட்ட அலைச்சலையும் சொல்ல வேண்டும். கேஷுவாலிட்டிக்கு வந்தால் அங்குள்ள மருத்துவர் எம்.எல்.சி. (சட்ட மருத்துவ வழக்கு) என்று எழுதி மகப்பேறு வார்டுக்கு அனுப்புவார். வயதை உறுதிசெய்ய எக்ஸ்ரே, பல் மருத்துவர். ரத்தம், சிறுநீர் எடுக்க வேறோர் இடம். ஒவ்வோர் இடத்திலும் அவளோடு ஒரு காவலர். என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் புதிதாகக் கேட்பார்கள். மருத்துவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எம்.எல்.சி. என்றாலே பல ஆண்டுகள் கழித்தும் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும், குறுக்கு விசாரணையில் அவமானப்பட வேண்டும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. எதை எடுக்க வேண்டும், எப்படி வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் முறையாகக் கற்றுக்கொடுத்ததில்லை. தெரியாத வேலையைப் பயந்துகொண்டே செய்பவர் வேகமாக முடித்து அனுப்பத்தான் பார்ப்பார். ஆனால் அந்த அவசரத்தின் விலையை எப்போதும் கொடுத்தவள் அவள்தான்.

மும்பையில் 1994 முதல் இயங்கிவந்த ‘சேஹத்’ என்ற ஆய்வு மையம் இந்தக் கற்றுக்கொடுக்கப்படாத இடத்தைத்தான் முதலில் பிடித்தது. மருத்துவர் அமர் ஜேசானி போன்றவர்கள் மருத்துவ அறத்தைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்த இடம் அது. 1998இல் அந்த மையம் ஒரு தடயப் பெட்டியையும் அதற்கான கையேட்டையும் உருவாக்கியது. மருத்துவர் லலிதா டிசோசா இதில் முன்னின்று உழைத்தார்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஆடம்பரமான எதுவும் இருக்காது. பஞ்சுக் குச்சிகள், கண்ணாடித் தகடுகள், சீப்பு, நகவெட்டி, காகித உறைகள், விரித்துப்போட ஒரு பெரிய தாள், ஒட்டி முத்திரையிடச் சீட்டுகள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அவள் உடை மாற்றும்போது அந்தத் தாளின்மேல் நிற்க வேண்டும். துணியிலிருந்து உதிரும் முடி, மண், நூல் எல்லாம் அதில் விழும். துணியை பிளாஸ்டிக் பையில் போடக் கூடாது. ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் அடைத்தால் பூஞ்சை பிடித்து, ஆய்வகத்துக்குப் போகும்போது ஒன்றும் மிஞ்சாது. நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும். எடுத்த மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பது ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்தோடு பதிவாக வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் நீதிமன்றத்தில் அந்தத் தடயம் செல்லாக்காசு. இவ்வளவு எளிய விஷயங்கள்கூட எழுதி வைக்கப்படாததால், எத்தனை பெண்களின் துணிகள் காவல் நிலைய அறைகளில் மக்கிப்போயிருக்கும் என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

பெட்டி மட்டும் போதாது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. பெட்டி இருந்தால் தடயம் ஒழுங்காக எடுக்கப்படும். அவளுக்கு என்ன ஆகும்? இங்கேதான் பாந்த்ரா வருகிறது.

மும்பை மாநகராட்சியும் சேஹத்தும் சேர்ந்து தொடங்கிய திலாசா, முதலில் வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்களுக்கானது. திலாசா என்றால் இந்தியில் ஆறுதல், தைரியம். ஏன் மருத்துவமனையில்? காவல் நிலையத்துக்கோ பெண்கள் அமைப்பின் அலுவலகத்துக்கோ போக முடியாத பெண்ணும் மருத்துவமனைக்குப் போக முடியும். குழந்தைக்குக் காய்ச்சல், தனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு வரலாம். வீட்டார் சந்தேகப்பட மாட்டார்கள். பாந்த்ராவின் குடிசைப் பகுதிகளிலிருந்து அந்த மாநகராட்சி மருத்துவமனைக்குத்தான் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். எலும்பு முறிவு, தீக்காயம், விஷம் குடித்தது என்று வருபவர்களிடம் காரணம் கேட்கப்படாமல் காயத்துக்கு மட்டும் கட்டுப்போட்டு அனுப்பிக்கொண்டிருந்த இடம் அது.

திலாசாவை நடத்தியவர்கள் செய்த நல்ல காரியம், அதை மருத்துவமனைக்கு வெளியே ஒரு தொண்டு நிறுவனமாக வைக்காமல், மருத்துவமனையின் சொந்தத் துறையாக ஆக்கியது. மாநகராட்சியின் மருத்துவ நிர்வாகியான மருத்துவர் சீமா மாலிக் உள்ளிருந்து இதை முன்னெடுத்தார். மருத்துவமனை ஊழியர்களிலிருந்தே ஒரு பயிற்சிக் குழுவை உருவாக்கினார்கள். அந்தக் குழு மருத்துவர், செவிலியர், ஆயா, வார்டுபாய் என எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தது. வெளியார் வந்து வகுப்பெடுத்தால் கேட்டுவிட்டு மறந்துபோவார்கள். பக்கத்து வார்டு நர்ஸ் சொன்னால் நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். அன்றிரவு வீட்டுக்குத் திரும்ப முடியாத பெண்ணை, கண்காணிப்பில் வைக்கிறோம் என்று வார்டில் ஒரு நாள் தங்கவைக்கவும் வழி செய்தார்கள். விதிமுறைக்குள்ளேயே கண்டுபிடித்த இந்த ஒரு படுக்கை எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும்! 2006இல் அந்தத் துறையை நடத்தும் பொறுப்பை மருத்துவமனையே ஏற்றுக்கொண்டது.

பேச ஓர் அறையும் கேட்க ஓர் ஆளும் கிடைத்ததும், பெண்கள் அடியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கணவன் வற்புறுத்தி உறவுகொள்வதையும் சொன்னார்கள். சட்டம் அதைக் குற்றமாக ஒப்புக்கொள்ளவில்லை. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மருத்துவத்துக்குச் சட்டத்தின் அனுமதி எதற்கு? காயம் காயம்தான், விரும்பாத கர்ப்பம் விரும்பாத கர்ப்பம்தான். எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வழக்கு நிற்குமா நிற்காதா என்பதை வைத்து மருத்துவமனை தீர்மானிக்கக் கூடாது என்ற தெளிவு இந்த அனுபவத்தில்தான் பிறந்தது என்று நான் நம்புகிறேன். அடுத்த அடிக்கு அது தேவைப்பட்டது.

அந்த அடி 2008இல் எடுத்துவைக்கப்பட்டது. பாந்த்ரா பாபா, காட்கோபரின் ராஜாவாடி, ஓஷிவாரா மகப்பேறு மனை ஆகிய மூன்று மாநகராட்சி மருத்துவமனைகளில், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான முழுமையான கவனிப்பு முறை ஒன்றை மாநகராட்சியும் சேஹத்தும் கொண்டுவந்தன. சேஹத்தின் ஒருங்கிணைப்பாளராக அப்போது பத்மா தேவஸ்தலி இருந்தார்.

புதிய முறை ஒப்புதலில் தொடங்கியது. முன்பெல்லாம் ஒரே கையெழுத்து. எதற்கு என்றே தெரியாமல் போடுவாள். இப்போது பரிசோதனைக்கு ஒப்புதல் தனி, தடயம் எடுக்கத் தனி, சிகிச்சைக்குத் தனி, காவல்துறைக்குச் சொல்லத் தனி. எதை வேண்டுமானாலும் அவள் மறுக்கலாம். தடயம் வேண்டாம், மருந்து மட்டும் போதும் என்றால் மருந்து கொடுத்தாக வேண்டும். பரிசோதனை அறையில் போலீசுக்கு இடமில்லை. பெண் மருத்துவர் வரும்வரை மணிக்கணக்கில் காத்திருக்கவைப்பதும் முடிவுக்கு வந்தது.

அடுத்தது நடந்ததைக் கேட்டு எழுதுவது. இதுதான் எனக்கு அந்த முறையின் உயிர்நாடியாகத் தெரிகிறது. பழைய அறிக்கையில் ‘வன்கொடுமை நடந்ததாகக் கூறுகிறார்’ என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். பிறகு காயம் இல்லை, விந்து இல்லை என்று முடியும். புதிய படிவம் அவள் சொற்களிலேயே எழுதச் சொன்னது. மிரட்டினானா, கத்தி காட்டினானா, மயக்க மருந்து கொடுத்தானா, ஆணுறை போட்டிருந்தானா, எந்த உறுப்பு, எதை நுழைத்தான். பிறகு அவள் குளித்தாளா, சிறுநீர் கழித்தாளா, துணியைத் துவைத்தாளா, எத்தனை மணி நேரம் ஆயிற்று. இவற்றைக் கேட்டால்தான் எங்கே தடயம் தேட வேண்டும் என்று தெரியும். ஏன் தடயம் கிடைக்கவில்லை என்றும் நீதிமன்றத்தில் விளக்க முடியும். மிரட்டலில் உறைந்துபோனவள் உடம்பில் கீறல் இருக்காது. மூன்று நாள் கழித்து வந்தவளிடம் விந்து கிடைக்காது. உடலின் இயல்பு அப்படி. கட்டாய உடலுறவுக்கு ஆளானவர்களில் மூன்றில் ஒரு பங்கினரிடமே காயம் தென்படும் என்று உலக சுகாதார நிறுவனத்தை மேற்கோள்காட்டி இந்திய அரசின் வழிகாட்டு நெறிமுறையே பின்னாளில் எழுதியது. அதற்கு முன் எத்தனை அறிக்கைகள் ‘காயம் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு ஒருத்தியைப் பொய்க்காரியாக்கி முடிந்தன!

மூன்றாவது, சிகிச்சை. கரு உண்டாகாமல் தடுக்கும் மாத்திரை மூன்று நாளுக்குள் தந்தால் நல்ல பலன், ஐந்து நாள்வரை தரலாம். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். பால்வினை நோய்களுக்கு மருந்து, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, டி.டி. ஊசி. இவை எதுவும் அரிதான மருந்துகள் அல்ல. அதே மருத்துவமனையின் மருந்தகத்தில் இருந்தவைதான். அவளுக்குத் தர வேண்டும் என்ற நினைப்புதான் இல்லாமல் இருந்தது. இதோடு ஆற்றுப்படுத்தும் ஆலோசகர் ஒருவர் அவளுடன் இருப்பார். போலீஸ், நீதிமன்றம், குழந்தைகள் நலக் குழு என்று அவள் போகுமிடமெல்லாம் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்வார்.

இனி, இந்தத் தொடரின் வாசகர்கள் பலர் கேட்டுவரும் கேள்விக்கு வருகிறேன்: இப்படி ஒரு சேவை உண்மையிலேயே பயன்பட்டதா என்று எதை வைத்து அளப்பது?

பெரும்பாலோர் உடனே சொல்வது தண்டனை விகிதம். அது தவறான அளவுகோல் என்று உறுதியாகச் சொல்வேன். தண்டனை என்பது போலீஸ், ஆய்வகம், அரசு வழக்கறிஞர், நீதிபதி, பிறழாத சாட்சி என்று பல கைகளில் இருக்கிறது. மருத்துவமனை தன் வேலையை அப்பழுக்கில்லாமல் செய்தும் வழக்கு தோற்கலாம். அதை வைத்து அளந்தால், வழக்குத் தொடுக்க விரும்பாத பெண் அந்தக் கணக்கில் வரவே மாட்டாள். அவளுக்குக் கொடுத்த மருந்துக்கும் மரியாதைக்கும் மதிப்பே இல்லாமல் போய்விடும்.

வெளிநாடுகளில் இந்த அளவுகோலைத் தேடிய இரண்டு ஆய்வுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ரெபெக்கா கேம்ப்பெல் 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே மாதிரியான இரண்டு நகர மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டது. ஒன்றில் பாதிக்கப்பட்டவருடன் துணை நிற்கப் பயிற்சி பெற்ற ஆள் உண்டு, மற்றதில் இல்லை. 81 பெண்களிடம் கேட்டதில், துணைக்கு ஆள் இருந்த இடத்தில் கருத்தடை மாத்திரையும் நோய்த்தடுப்பு மருந்தும் கூடுதலானவர்களுக்குக் கிடைத்திருந்தன; போலீஸும் மருத்துவர்களும் மனம் நோகப் பேசியது குறைவாக இருந்தது. தென்னாப்பிரிக்காவின் நாட்டுப்புறத்தில் உள்ள டின்ட்ஸ்வாலோ மருத்துவமனையில் ஜூலியா கிம் குழுவினர், செவிலியர்களைப் பொறுப்பாக்கிய மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். 28 நாள் மருந்தையும் முதல் வருகையிலேயே கையில் கொடுத்து அனுப்பியதால், முழுதாகச் சாப்பிட்டு முடித்தவர்கள் கூடினார்கள். ஒரு பெண் எத்தனை ஊழியர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதையும் எண்ணினார்கள். எத்தனை பேரிடம் நடந்ததைத் திரும்பச் சொன்னாள் என்பதற்கு இணையான ஓர் எண் அது. துயரத்தை அளக்க இதைவிட நேர்மையான அளவுகோலை நான் பார்த்ததில்லை.

மும்பைக்காரர்கள் தங்கள் பதிவேடுகளிலிருந்து அளந்தார்கள். 2008 முதல் 2015 வரை மூன்று மருத்துவமனைகளுக்கும் வந்த 728 பேரின் பதிவுகள் பின்னர் முழுதாக ஆராயப்பட்டு 2018இல் வெளிவந்தன. அந்தப் பதிவுகளில் தெரியும் நிலவரம், தெருவோரத்தில் முன்பின் தெரியாதவன் பாய்வது என்ற பொதுப் பிம்பத்துக்கு எதிரானது. செய்தவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர்கள்: உறவினர், பக்கத்து வீட்டார், காதலர். வந்தவர்களில் கணிசமானோர் சிறுமிகள். காயத்தோடு வந்தவர்கள் குறைவு. போலீஸை அணுகாமல் நேரே மருத்துவமனைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். வயிற்று வலி, ரத்தப்போக்கு, தள்ளிப்போன மாதவிலக்கு என்று வந்தவர்கள். 2000இல் உச்ச நீதிமன்றம் கண்டித்த அந்த மறுப்பு தொடர்ந்திருந்தால் இவர்கள் எங்கே போயிருப்பார்கள்? காதலனோடு போன பதின்வயதுப் பெண்ணைப் பெற்றோர் புகாரின்பேரில் போலீஸ் கொண்டுவந்து நிறுத்திய வழக்குகளும் இருந்தன. அவள் விருப்பத்தைக் கேட்டு எழுதப் பழகிய மருத்துவமனையால்தான் வன்முறையையும் விருப்ப உறவையும் வேறுபடுத்திப் பார்க்க முடிந்தது.

மூன்று மருத்துவமனைகளில் நடந்தது அங்கேயே நின்றிருக்கவும் கூடும். ஆனால் 2010இல் இரண்டு காரியங்கள் நடந்தன. பாம்பே உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையில், மகாராஷ்டிரத்தில் பாலியல் வன்கொடுமைப் பரிசோதனைகள் எவ்வளவு மோசமாக நடக்கின்றன என்று ஒரு பொதுநல வழக்கு வந்தது. சேவாகிராம் மருத்துவக் கல்லூரியின் சட்ட மருத்துவர் இந்திரஜித் காண்டேகர் திரட்டிய விரிவான அறிக்கை அதற்கு அடிப்படை. அதே ஆண்டு செப்டம்பரில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, இந்திய மருத்துவமனைகளின் இரு விரல் சோதனையைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. நாக்பூர் வழக்கின் விளைவாக மாநில அரசு புதிய படிவம் கொண்டுவந்தது. அதிலும் விரல் சோதனைக்கு இடம் இருந்தது. சேஹத் அந்த வழக்கில் தன்னை இணைத்துக்கொண்டு எதிர்த்தது. கையில் கொள்கை மட்டும் இருந்திருந்தால் நீதிமன்றம் எவ்வளவு செவிகொடுத்திருக்குமோ தெரியாது. அந்தச் சோதனை இல்லாமலே மூன்று மாநகராட்சி மருத்துவமனைகள் ஒழுங்காக இயங்குகின்றன என்ற நடைமுறைச் சான்று இருந்தது. 2013இல் மகாராஷ்டிரம் தன் படிவத்தை மாற்றியது.

அதற்குள் 2012 டிசம்பர் வந்துவிட்டது. தில்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா, லீலா சேத், கோபால் சுப்பிரமணியம் மூவர் குழு 29 நாளில் அறிக்கை தந்தது. மருத்துவப் பரிசோதனைக்கென்றே அதில் தனி அத்தியாயம் உண்டு, விரல் சோதனை கூடாது என்று தெளிவாகச் சொல்லியது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357சி என்ற பிரிவைச் சேர்த்தது: அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, பாதிக்கப்பட்டவருக்கு உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் ஓராண்டுவரை சிறை. கர்நாடக வழக்கில் ஒரு கண்டனமாக மட்டும் சொல்லப்பட்டது, 13 ஆண்டுகளில் தண்டிக்கத்தக்க குற்றமாயிற்று. 2014 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுமைக்குமான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பகுதி பகுதியான ஒப்புதல், அவள் சொற்களில் பதிவு, சிகிச்சை, மனநல ஆதரவு, ஆவணங்களின் நகலை இலவசமாக அவளிடமே கொடுப்பது என்று பாந்த்ராவிலும் காட்கோபரிலும் பழகிப் பார்த்தவை அதில் இருந்தன. திலாசாவும் தேசிய நகர்ப்புற சுகாதாரத் திட்டத்தின் பணத்தில் மும்பையின் மேலும் பல மருத்துவமனைகளுக்குப் பரவியது. கேரளத்தின் மாவட்ட மருத்துவமனைகளில் ‘பூமிகா’ மையங்கள் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன.

நெறிமுறை வந்ததால் வார்டுகள் மாறிவிட்டன என்று நினைத்துவிட வேண்டாம். சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு. மத்திய அரசின் நெறிமுறையை ஏற்பதும் பயிற்சி தருவதும் மாநிலத்தின் கையில். 2013 ஏப்ரலிலேயே உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பி.எஸ். சௌஹான், நம் காரைக்குடியைச் சேர்ந்த எஃப்.எம். இப்ராஹிம் கலிஃபுல்லா அமர்வு, இரு விரல் சோதனை பெண்ணின் அந்தரங்க உரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்திருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரலில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்கொன்றில் நீதிபதிகள் ஆர். சுப்பிரமணியன், என். சதீஷ்குமார் அமர்வு, அந்தச் சோதனை இன்னும் நடக்கிறது, குறிப்பாகச் சிறுமிகளிடம் நடக்கிறது என்று கண்டு, அதை உடனே தடைசெய்யத் தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட வேண்டிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பேசியது: இனி அதைச் செய்பவர் நடத்தை தவறியவராகக் கருதப்படுவார், நெறிமுறைகளை எல்லா மருத்துவமனைகளுக்கும் அனுப்ப வேண்டும், மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டும். 1920இல் ஒரு பாடப்புத்தகத்தில் தொடங்கியது, ஒரு நூற்றாண்டு கழித்து மறுபடி பாடத்திட்டத்துக்கே வந்து நிற்கிறது. மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுவது மாறாதவரை, எந்தத் தீர்ப்பும் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவரின் கையைப் பிடித்துத் தடுக்காது.

இன்னொரு சிக்கல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர் பாதிக்கப்பட்டது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் மருத்துவர் மீதே வழக்கு. மும்பையில் அவ்வளவு கவனமாகப் பிரித்துவைத்த ஒப்புதல்களில், போலீசுக்குச் சொல்வதா வேண்டாமா என்ற ஒன்று சிறுமிகளுக்கு இல்லாமல் போயிற்று. அப்பாவையோ மாமாவையோ காட்டிக்கொடுக்கப் பயந்தவளும், விரும்பியவனால் கர்ப்பமானவளும், போலீஸ் வரும் என்று தெரிந்தால் மருத்துவமனைப் பக்கமே வர மாட்டார்கள் என்று ஆலோசகர்கள் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு பற்றிய வழக்கில் ஒரு சிறு வழி திறந்தது: விருப்பத்துடன் உறவுகொண்ட சிறுமி கருக்கலைப்புக்கு வந்தால், அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரையோ அடையாளத்தையோ மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை. வன்முறைக்கு ஆளான சிறுமிக்கு அந்த வழி இல்லை. 2015 முதல் மாவட்டந்தோறும் தொடங்கிய ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இவளை எப்படிக் கையாள்கின்றன, மருத்துவமனைக்கு உள்ளே இருக்கும் மையத்துக்கும் வெளியே இருக்கும் மையத்துக்கும் என்ன வேறுபாடு என்பதை அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)